நினைவகம் தீர்ந்துவிட்டால் யார் குரல்கொடுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஜூரோங்கில் உள்ள ஒரு தொழிற்கூடத்தில் நாங்கள் பொருத்தியிருந்த சிறிய பெட்டி ஒன்று, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தது.

உள்ளங்கை அளவுப் பெட்டி அது. இயந்திரங்களின் வெப்பம், அதிர்வு போன்ற அளவுகளைக் கம்பிவழி வாங்கி, மெமரி கார்டில் எழுதிவைத்து, பிறகு அலுவலகக் கணினிக்கு அனுப்புவது அதன் வேலை. உள்ளே ஓடியது லினக்ஸ். இயந்திரத்திலிருந்து தரவை வாங்கும் நிரலை எங்கள் குழு எழுதியது. அதில் ஒரு பகுதி என்னுடையது.

பெட்டி மயங்கியதும், இரவு ஷிஃப்டில் இருக்கும் தொழில்நுட்பர் ஸ்விட்சை அணைத்து மறுபடி போடுவார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இங்கு வந்து பல ஆண்டுகள் ஆனவர். பெட்டி எழுந்துகொள்ளும். ஆனால் காரணம் தெரியாது. அணைத்தவுடன் உள்ளிருந்த தடயமும் அழிந்துவிடும்.

“அண்ணே, அடுத்த தடவ உடனே அணைச்சிடாதீங்க. கேபிளைச் செருகி, லேப்டாப்புல என்ன வருதுன்னு பாத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க” என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அதிகாலை மூன்று மணிக்கு அழைத்தார். “தம்பி, மேலயும் கீழயும் எங்க பாத்தாலும் ஒரே வரிதான் ஓடுது. மெமரி கிடைக்கல, மெமரி கிடைக்கலன்னு. வேற ஒண்ணுமே இல்ல.”

அந்த வரியை எழுதியவன் நான்தான்.

ஏதாவது கோளாறு நேர்ந்தால் பிறருக்குத் தெரியட்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதிய வரி. அதுவே இரண்டு வாரம் எங்களை அலையவிட்டது. கோளாறைக் காட்டவேண்டிய செய்தி கோளாறை எப்படி மறைத்தது? நினைவகம் கிடைக்காதபோது ஒரு சாதனத்தின் நிரல் அதை அச்சிடவேண்டுமா, வேண்டாமா? உலகெங்கும் உள்ள லினக்ஸ் நிரலாளர்கள் பல ஆண்டுகளாகப் பேசிவரும் கேள்வி இது. கணினித் துறையில் இல்லாதவர்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பாடம் உண்டு.

டிரைவர் என்ன செய்கிறது?

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

கணினியின் இயங்குதளத்துக்கு ஒரு மையப்பகுதி உண்டு. அதைக் கெர்னல் என்பார்கள். நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதும், எந்த நிரல் எப்போது ஓடவேண்டும் என்று முடிவுசெய்வதும் அதன் பொறுப்பு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் தொடங்கிய லினக்ஸ் அப்படிப்பட்ட ஒரு கெர்னல்தான். ஆண்ட்ராய்டு கைப்பேசி முதல் வீட்டு வைஃபை பெட்டி வரை பலவற்றிலும் அதுதான் ஓடுகிறது.

கெர்னலுக்கு எல்லாச் சாதனங்களின் பேச்சும் புரியாது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அந்த மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர் எனப்படும் நிரல். கேமராவுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, மெமரி கார்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும்.

டிரைவருக்கு வேலைசெய்யக் கொஞ்சம் இடம் வேண்டும். வந்த தரவைத் தற்காலிகமாக வைக்க, கணக்குப் போட, அடுத்தவருக்குக் கொடுக்க நினைவகம் வேண்டும். அது கெர்னலிடம் கேட்கும். கெர்னல் இடம் இருந்தால் கொடுக்கும். இல்லையென்றால் வெறுங்கையோடு திருப்பி அனுப்பும்.

வெறுங்கையோடு திரும்பிய டிரைவர் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, தன்னை அழைத்த நிரலிடம் ‘நினைவகம் இல்லை’ என்ற பொருள்கொண்ட பிழை எண்ணைக் கொடுத்துவிட்டுப் பின்வாங்குவது. லினக்ஸில் அந்த எண் 12. மற்றொன்று, லாக் எனப்படும் பதிவேட்டில் ஒரு செய்தியை அச்சிடுவது.

முதலாவதைச் செய்தே ஆகவேண்டும். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இடம் கிடைத்ததா என்று சோதிக்காமல், கிடைத்ததாக எண்ணி டிரைவர் தொடர்ந்தால் கெர்னலே நிலைகுலையும். இரண்டாவது காரியத்தில்தான் வழக்கு.

கெர்னல் முன்பே சொல்லிவிடுகிறது

பல டிரைவர் நிரல்களில் அந்த இரண்டாவது காரியம் பழக்கமாகவே இடம்பெற்றிருந்தது. நினைவகம் கேள், கிடைக்கவில்லையா, ‘நினைவகம் இல்லை’ என்று அச்சிடு, பிழை எண்ணோடு திரும்பு. பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்கும் நல்ல பழக்கம்போலத்தான் அது தோன்றும்.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. லினக்ஸ் கெர்னலிடம் வழக்கமான முறையில் நினைவகம் கேட்டு அது கிடைக்காதபோது, கெர்னலே ஓர் அறிக்கையை அச்சிடுகிறது.

அந்த அறிக்கை ஒரு வரி அல்ல. அப்போது ஓடிக்கொண்டிருந்த நிரலின் பெயர், எவ்வளவு இடம் கேட்கப்பட்டது, எந்த நிபந்தனையோடு கேட்கப்பட்டது, எந்தச் செயற்கூறு எந்தச் செயற்கூறை அழைத்து இங்கு வந்து நின்றது, அந்த நொடியில் மொத்த நினைவகம் எப்படிப் பங்கிடப்பட்டிருந்தது என எல்லாம் அதில் இருக்கும்.

டிரைவர் அதன்கீழ் ‘நினைவகம் இல்லை’ என்று ஒரு வரி சேர்த்தால் புதிதாக என்ன தெரியும்? பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

நம் அடுக்குமாடி வீட்டு வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் பார்ப்போம். புளோக்கில் லிஃப்ட் நின்றுவிட்டது. லிஃப்டின் சொந்தக் கண்காணிப்புக் கருவி பழுதுபார்ப்பு நிலையத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன்பிறகு 40 வீட்டினர் தனித்தனியாக அழைத்து “லிஃப்ட் ஓடவில்லை” என்று சொன்னால் பழுது சீக்கிரம் சரியாகாது. ஆறாவது மாடியில் ஒரு மூதாட்டி உள்ளே சிக்கியிருக்கிறார் என்று சொல்ல முயலும் 41வது அழைப்பு மட்டும் கிடைக்காமல் போகும்.

லினக்ஸ் நிரலாளர்கள் எடுத்த முடிவு

லினக்ஸ் கெர்னல் நிரலை எப்படி எழுதவேண்டும் என்பதற்கு ஒரு நடைக் கையேடு உண்டு. கெர்னலின் மூலநிரலோடு சேர்ந்தே வரும் ஆவணம் அது. நினைவக ஒதுக்கீடு பற்றிய அதன் 14ஆம் பகுதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: பொதுவான ஒதுக்கீட்டுச் செயற்கூறுகள் தோற்றால் அவையே அழைப்புத் தடத்தை அச்சிட்டுவிடும், ஆகவே கூடுதலாக ஒரு செய்தி அச்சிடுவதில் பயனில்லை.

கையேட்டை எல்லாரும் படிப்பதில்லை. அதற்காக ஒரு காவலாளியையும் வைத்திருக்கிறார்கள். செக்பேட்ச் என்பது நிரலாளர் அனுப்பும் திருத்தங்களை முன்கூட்டியே சோதிக்கும் சிறு நிரல். நினைவகம் கேட்டுத் தோற்ற இடத்தில் யாராவது செய்தி அச்சிட்டிருந்தால், ‘இது தேவையற்றதாக இருக்கலாம்’ என்று அது 2014 முதல் எச்சரித்து வருகிறது.

அதன்பிறகு பழைய டிரைவர்களிலிருந்து இத்தகைய வரிகளை நீக்கும் திருத்தங்கள் நிறைய வந்தன. சில உடனே ஏற்கப்பட்டன. சிலவற்றை டிரைவர்களைப் பராமரிப்பவர்கள் மறுத்தார்கள். ‘ஓடுகிற வண்டியை எதற்குத் தொடவேண்டும்’ என்பது அவர்களின் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் புதிதாக எழுதும் நிரலில் அந்த வரி வேண்டாம் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகின்றனர்.

இன்னொரு படியும் எடுத்துவைக்கப்பட்டது. ஒரு சாதனத்தைத் தொடங்கும்போது ஏற்படும் பிழைகளை அச்சிடுவதற்கென்று கெர்னலில் ஒரு பொதுச் செயற்கூறு உண்டு. அண்மைய பதிப்புகளில், பிழை எண் 12 என்றால் அது எதையும் அச்சிடாமல் விட்டுவிடுகிறது. இதைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு அச்சாகியிருக்கும் என்பதே காரணம்.

ஒரு வரியின் விலை

‘ஒரு வரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு படம் தெரியும்.

கெர்னலின் பதிவேடு முடிவில்லாத நோட்டுப் புத்தகம் அல்ல. வட்டமாகச் சுற்றிவரும் ஒரு பலகை. இடம் நிறைந்ததும் மிகப் பழைய வரியை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். இயல்பான அமைப்பில் பொதுவாக அதன் அளவு 128 கிலோபைட்.

நேரக்குறியோடு சேர்த்து ஒரு வரி 64 எழுத்து என்று கொள்வோம். 128 கிலோபைட்டில் ஏறத்தாழ 2,000 வரி அடங்கும். எங்கள் பெட்டிக்கு விநாடிக்கு நூறு முறை தரவு வரும். ஒவ்வொரு முறையும் நினைவகம் கிடைக்காமல் ஒவ்வொரு முறையும் ஒரு வரி அச்சானால், 20 விநாடியில் பலகை முழுதும் நிரம்பிவிடும். அதற்குமுன் எழுதப்பட்ட அனைத்தும் போய்விடும்.

அடுத்தது நேரம். தொழிற்கூடப் பெட்டிகளில் செய்திகள் பெரும்பாலும் சீரியல் கேபிள்வழி வெளியே வரும். வழக்கமான வேகம் விநாடிக்கு 1,15,200 பிட். ஓர் எழுத்துக்கு 10 பிட் என்றால் விநாடிக்கு 11,520 எழுத்து. அப்படியானால் 64 எழுத்து வரி ஒன்றுக்கு ஐந்தரை மில்லி விநாடி. விநாடிக்கு நூறு வரி என்றால், ஒவ்வொரு விநாடியிலும் பாதிக்குமேல் வெறும் அச்சடிப்பிலேயே போகும்.

மூச்சுத் திணறும் ஒருவரை நிற்கவைத்து, “உங்களுக்கு மூச்சுத் திணறுகிறது” என்று நூறு தடவை எழுதச் சொல்வதுபோலத்தான் இது.

மூன்றாவது விலை, அந்த எழுத்துகளே பிடித்துக்கொள்ளும் இடம். செய்தியின் வாசகம் கெர்னலோடு சேர்ந்து நினைவகத்தில் தங்கும். ஒன்று இரண்டு என்றால் பெரிதில்லை. ஆயிரக்கணக்கான டிரைவர்களில் ஆயிரக்கணக்கான வரி என்றால், அதுவும் குறைந்த நினைவகம் கொண்ட சிறிய சாதனத்தில், அது கவனிக்கவேண்டியதுதான்.

சிறியதைக் கேட்டால் மறுப்பது அரிது

இன்னொரு விவரம் பலருக்கு வியப்பளிக்கும். காத்திருக்கத் தயார் என்று சொல்லி டிரைவர் கேட்கும் சிறிய அளவு நினைவகத்தை லினக்ஸ் கெர்னல் மறுப்பது மிக அரிது.

நினைவகத்தைக் கெர்னல் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பொதுவாக ஒரு பக்கம் 4 கிலோபைட். எட்டுப் பக்கம், அதாவது 32 கிலோபைட் வரையிலான கோரிக்கை என்றால், கெர்னல் எளிதில் கைவிரிக்காது. பயன்படாத பக்கங்களைத் திரட்டும், சற்றுக் காத்திருக்கும், மறுபடி முயலும். ஒன்றும் நடக்காவிட்டால், நிறைய நினைவகத்தைப் பிடித்திருக்கும் ஏதோ ஒரு நிரலை நிறுத்தி இடத்தை மீட்கும்.

ஆக, பல டிரைவர்களின் தொடக்கப் பகுதியில் இருக்கும் ‘நினைவகம் இல்லை’ வரி, அந்தச் சாதனத்தின் வாழ்நாளில் ஒருமுறைகூட அச்சாகாமல் போகலாம்.

காத்திருக்க முடியாத நேரங்கள் வேறு. சாதனத்திலிருந்து தரவு வந்து கதவைத் தட்டும் கணத்தில், அதை வாங்கும் நிரல் நின்று காத்திருக்க முடியாது. அங்கு நினைவகம் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இத்தகைய இடத்தில்தான் தோல்வி அடிக்கடி நேரும். என் வரி இருந்ததும் அந்த இடத்தில்தான்.

எதிர்த்தரப்பின் நியாயம்

செய்தி வேண்டும் என்பவர்கள் வெறும் பழக்கத்தால் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மதிப்பு உண்டு.

முதல் கேள்வி: ஒரே மாதிரிச் சாதனம் நான்கு இருந்தால், எதற்கு நினைவகம் கிடைக்கவில்லை என்று எப்படி அறிவது? கெர்னலின் அறிக்கை செயற்கூறின் பெயரைச் சொல்லும். நான்கில் எந்தச் சாதனம் என்று சொல்லாது. இது சரியான கேள்வி. ஆனால் தொடக்கத்திலேயே தோற்றால், எந்தச் சாதனம் எந்தப் பிழை எண்ணோடு தோற்றது என்பதைக் கெர்னலின் சாதன நிர்வாகப் பகுதி தானே அச்சிடும். இடையில் தோற்றால்தான் இந்தக் கேள்விக்கு வலு அதிகம்.

இரண்டாவது: கெர்னல் எப்போதும் பேசுகிறதா? இல்லை. ‘இது தோற்கலாம், தோற்றால் சத்தம்போடாதே’ என்று ஒரு குறியோடு நினைவகம் கேட்கலாம். அப்போது கெர்னல் மௌனமாக இருக்கும். மேலும், தொடர்ந்து தோல்வி ஏற்பட்டால் ஒவ்வொன்றுக்கும் அது முழு அறிக்கை தராது; இடைவெளிவிட்டுத்தான் தரும். இரைச்சலைக் குறைக்க வேண்டும் என்பது கெர்னலுக்கும் தெரியும்.

மூன்றாவது: எல்லாச் செயற்கூறுகளும் நினைவகம் இல்லாததால் மட்டும் தோற்பதில்லை. சில வேறு காரணங்களாலும் வெறுங்கையோடு திரும்பும். அங்கு ஒரு செய்தி உண்மையிலேயே உதவும். செக்பேட்ச் ‘தேவையற்றதாக இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. ‘இருக்கலாம்’ என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும்.

நான்காவது: லினக்ஸ் அல்லாத இடங்கள். சிறிய கருவிகளில் பரவலாகப் பயன்படும் ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற இயங்குதளத்தில், நினைவகம் கிடைக்காவிட்டால் தானாக எந்த அறிக்கையும் வராது. அதற்கென ஒரு செயற்கூறை நாமே எழுதி, அமைப்பில் அதை இயக்கிவிட வேண்டும். லினக்ஸ் வழக்கத்தை அங்கு கொண்டுபோய் எல்லாச் செய்தியையும் நீக்கினால் முழு இருட்டுதான்.

ஆகவே ‘அச்சிடவேண்டுமா வேண்டாமா’ என்பதைவிட, ‘வேறு யாராவது இதைச் சொல்லிவிட்டார்களா’ என்பதே சரியான கேள்வி.

எங்கள் பெட்டிக்கு என்ன ஆனது?

அந்த அதிகாலை அழைப்புக்குப் பிறகும் நாங்கள் தவறான இடத்திலேயே தேடினோம். லாக் முழுதும் எங்கள் டிரைவரின் பெயர். அதனால் எங்கள் டிரைவர்தான் நினைவகத்தை விழுங்குகிறது என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். வரிக்கு வரி படித்தோம். ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியில் மூத்த சக ஊழியர் ஒருவர் கேட்டார்: “இந்த வரி இல்லாம இருந்தா, அதுக்கு முன்னாடி என்ன இருந்திருக்கும்?”

அந்தக் கேள்வி எங்களுக்கு முன்பே தோன்றியிருக்கவேண்டும். வரியை நீக்கினோம். தோற்றால் மௌனமாக இருக்கும்படி அந்த ஓர் இடத்தில் கெர்னலிடமும் கேட்டுக்கொண்டோம். அதற்குப் பதிலாக ஓர் எண்ணியை வைத்தோம். ஒவ்வொரு தோல்விக்கும் ஒன்று கூடும். யார் வேண்டுமானாலும் ஒரு கட்டளையில் அந்த எண்ணைப் படிக்கலாம்.

அடுத்தமுறை பெட்டி தடுமாறியபோது பதிவேடு ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அதனால்தான் அந்த மூன்று வரி கண்ணில்பட்டது. தடுமாற்றம் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்பு, மெமரி கார்டின் டிரைவர் எழுதியிருந்தது: எழுத முடியவில்லை, மறுபடி முயல்கிறேன், முடியவில்லை.

தொழிற்கூட வெப்பத்தில் மலிவான மெமரி கார்டு தேய்ந்துபோயிருந்தது. கார்டில் எழுத முடியாததால், தரவைச் சேமிக்கும் மென்பொருள் எல்லாவற்றையும் நினைவகத்திலேயே வரிசையில் அடுக்கிக்கொண்டே போனது. நினைவகம் தீர்ந்தது. பாதிக்கப்பட்ட எங்கள் டிரைவர் கத்தத் தொடங்கியது. அந்தக் கத்தலில் கார்டின் மூன்று வரியும் 20 விநாடிக்குள் அழிந்துபோயின. கார்டே பழுதானதால் பதிவேட்டின் நகலும் எங்கும் சேமிக்கப்படவில்லை.

கார்டை மாற்றினோம். பெட்டி மயங்குவது நின்றது.

அதோடு விடவில்லை. டிரைவரில் இரண்டு செய்தி மட்டும் சேர்த்தோம். தரவு இழப்பு தொடங்கும்போது ஒருமுறை; நிலைமை சீரானதும், இடையில் எத்தனை அளவுகள் இழக்கப்பட்டன என்ற எண்ணிக்கையோடு ஒருமுறை. நினைவகம் இல்லை என்பதைக் கெர்னல் சொல்லும். ஆனால் அதனால் 4ஆம் எண் இயந்திரத்தின் அளவுகள் இத்தனை போய்விட்டன என்பதை எங்கள் டிரைவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.

நான் கற்றது இதுதான். காரணத்தைச் சொல்ல வேறொருவர் இருக்கும்போது அதைத் திருப்பிச் சொல்லாதே. உனக்கு மட்டுமே தெரிந்த விளைவை ஒருமுறை தெளிவாகச் சொல்.

275 எச்சரிக்கைகள்

மென்பொருளுக்கு வெளியிலும் இதே சிக்கல் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கிறது. ஏழு தீவுகளை இணைத்து உருவான ஜூரோங் தீவில் வேலைசெய்யும் நம் சமூகத்தினர் பலருக்கு, கட்டுப்பாட்டு அறையில் ஒலிக்கும் எச்சரிக்கைகள் அன்றாடப் பழக்கம். அந்தத் துறை இந்தப் பாடத்தைக் கற்றது வேல்ஸில் நடந்த ஒரு விபத்தில்.

1994ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி, மில்ஃபர்ட் ஹேவனில் உள்ள டெக்சகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு ஏற்பட்டது. 26 பேர் காயமுற்றனர். இடியுடன் கூடிய மழையால் காலையில் தொடங்கிய கோளாறு, பல மணி நேரம் கழித்து வெடிப்பில் முடிந்தது. ஒரு வால்வு மூடியிருந்தபோதும் அது திறந்திருப்பதாகக் கட்டுப்பாட்டு அறை காட்டியது.

வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஊழியர்களுக்கு வந்த எச்சரிக்கைகள் 275. ஏறத்தாழ இரண்டரை விநாடிக்கு ஒன்று. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று பார்க்கவே அவர்களுக்கு நேரம் இல்லை.

பிரிட்டிஷ் பாதுகாப்பு அதிகாரிகளின் விசாரணை அறிக்கை, எச்சரிக்கைகள் மிதமிஞ்சி இருந்ததையும் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தப்படாததையும் சுட்டியது. அதன்பின் எச்சரிக்கை நிர்வாகம் தனித்துறையாகவே வளர்ந்தது. ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ஊழியர் செய்யவேண்டிய ஒரு செயல் இருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. செய்வதற்கு ஒன்றும் இல்லையென்றால் அது எச்சரிக்கையே அல்ல.

பிவி46 ரயிலைப் பிடித்த பதிவேடு

அப்படியென்றால் பதிவேடே வேண்டாமா? அதற்கான பதில் நம் வட்டப் பாதையில் இருக்கிறது.

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட்டிலும் பிறகு நவம்பரிலும் வட்டப் பாதை ரயில்கள் காரணமின்றிச் சமிக்ஞைத் தொடர்பை இழந்து, அவசர நிறுத்தத்துக்கு உள்ளாயின. வேறு வேறு ரயில், வேறு வேறு இடம், வேறு வேறு நேரம். எந்த ஒழுங்கும் புலப்படவில்லை.

அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு ஆய்வாளர்கள் சம்பவப் பதிவுகளை வாங்கிப் பார்த்தனர். அவற்றில் இருந்தவை மிகச் சில விவரங்களே: நாள், நேரம், இடம், ரயில் எண், செல்லும் திசை.

அவற்றை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, பாதிப்பு ஒரு ரயிலின் வேகத்தில் நகர்வது தெரிந்தது. பாதிக்கப்பட்ட ரயில்களுக்கு எதிர்த்திசையில் சென்ற ஒரு ரயில்தான் காரணமாக இருக்கவேண்டும் என்று அவர்கள் ஊகித்தனர். நிலையங்களின் காணொளிப் பதிவுகளோடு ஒப்பிட்டதில் பிவி46 என்ற ரயில் அகப்பட்டது. மறுநாள் நடத்திய சோதனை அதை உறுதிசெய்தது.

இதில் கவனிக்கவேண்டியது, பிவி46 அந்தப் பட்டியலிலேயே இல்லை. கத்தியவை எல்லாம் பாதிக்கப்பட்ட ரயில்கள். எங்கள் பெட்டியிலும் அப்படித்தான். கத்தியது எங்கள் டிரைவர், குற்றவாளி மெமரி கார்டு.

ஆனால் ரயில்களின் பதிவில் நேரமும் இடமும் திசையும் இருந்தன. அதனால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடிந்தது. ‘சமிக்ஞை போய்விட்டது’ என்று மட்டும் ஆயிரம் வரி இருந்திருந்தால், கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அச்சிடுமுன் ஐந்து கேள்விகள்

ஜூரோங் வட்டாரத்தில் பொறியியல் படிக்கும், ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் திட்டப்பணி செய்யும் மாணவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கும், இந்தத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் பயன்படும் என்று நான் நினைக்கும் கேள்விகள் இவை.

ஒன்று: இதை வேறு யாராவது ஏற்கெனவே சொல்கிறார்களா? லினக்ஸில் வழக்கமான முறையில் நினைவகம் கேட்டிருந்தால், ஆம். வரி வேண்டாம். ஆனால் சோதனையை நீக்காதீர்கள். பிழை எண்ணைத் திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள்.

இரண்டு: இந்த வரி விநாடிக்கு எத்தனை முறை அச்சாகக்கூடும்? ஒருமுறைக்குமேல் என்றால் அது செய்தி அல்ல, எண்ணிக்கை. எண்ணி வையுங்கள். வலைத்தொடர்பு டிரைவர்கள் பல இப்படித்தான் செய்கின்றன.

மூன்று: எனக்கு மட்டும் தெரிந்த ஏதாவது இதில் உண்டா? எந்தச் சாதனம், எவ்வளவு தரவு போயிற்று, எதைச் செய்ய முடியாமல் போயிற்று. அது இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுதாதீர்கள்.

நான்கு: படிப்பவர் என்ன செய்யவேண்டும்? இரவு ஷிஃப்டில் தனியாக இருக்கும் ஒருவர் இதைப் பார்த்தால் அடுத்து எதைத் தொடுவார்? பதில் இல்லையென்றால் வரியும் தேவையில்லை.

ஐந்து: தோல்விப் பாதையை ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்தேனா? லினக்ஸில் நினைவக ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கவைக்கும் சோதனை வசதி உண்டு. அச்சிடும் வரியை நம்புவதைவிட, பின்வாங்கும் வழி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது மேல்.

சில மாதம் கழித்து அந்தத் தொழில்நுட்பரைக் காப்பிக்கடையில் பார்த்தேன். கார்டு மாற்றியபிறகு பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“சத்தமே இல்ல தம்பி. இப்பல்லாம் ஏதாவது ஒரு வரி வந்தா, உக்காந்து படிக்கிறேன்” என்றார்.